மனநோய் வெட்கப்பட வேண்டிய நோயல்ல
கூலிம் வட்டாரக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

வீட்டில் ஒருவருக்குக் கால் வீங்கினால் அன்றே கிளினிக்குக்கு அழைத்துச் செல்கிறோம். இனிப்பு நீர் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி, என்ன சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஆனால் அதே வீட்டில் ஒருவர் மூன்று வாரமாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாருடனும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். "வெளியே சொல்லாதே, நாளைக்குத் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆக வேண்டும்" என்கிறோம்.

அந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் நோய் முற்றுகிறது. மனநோய்க்கு மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், அரசாங்கக் கிளினிக்கில் கட்டணமும் குறைவு. பலர் சிகிச்சைக்குப் பிந்தி வருவதற்கு முக்கியக் காரணம் "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற பயம்தான். அந்த நாலு பேர் நாம்தான். ஆகவே அந்தப் பயத்தைக் குறைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

மனநோய் என்றால் என்ன?

மூளையும் உடலின் ஓர் உறுப்பு. நம் எண்ணம், உணர்வு, தூக்கம், பசி, நடத்தை எல்லாம் அதைச் சார்ந்தவை. அதன் செயல்பாட்டில் மாற்றம் ஏற்பட்டு, அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படும் நிலையையே மனநோய் என்கிறோம். பரம்பரை, மூளையிலுள்ள இரசாயன மாற்றங்கள், சிறு வயதில் பட்ட துன்பம், கடன், வேலை இழப்பு, நீண்டகால நோய், மதுப்பழக்கம் எனப் பல காரணங்கள் சேர்ந்து இது வருகிறது. ஒருவரின் பாவமோ, பெற்றோரின் வளர்ப்போ, மனத்தின் கோழைத்தனமோ இதற்குக் காரணமல்ல.

மனநோயில் பல வகைகள் உள்ளன. மனச்சோர்வு, பதற்ற நோய், இருமுனை மனநிலைக் கோளாறு, மனச்சிதைவு நோய் ஆகியவை அவற்றுள் சில. எல்லாவற்றையும் "பைத்தியம்" என்ற ஒரே சொல்லில் அடைப்பது தவறு. இருமல் உள்ள எல்லாருக்கும் காசநோய் என்று சொல்வதைப் போன்றது அது.

இது அரிதான நோயும் அல்ல. 2019-ஆம் ஆண்டில் உலகில் எட்டுப் பேரில் ஒருவர் ஏதோ ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்ந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மலேசியாவில் 2019-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் அது 4.6 விழுக்காடாக, அதாவது இரண்டு மடங்காக உயர்ந்தது. ஏறக்குறைய பத்து இலட்சம் பேர். நம் தாமானிலும், நம் தோட்டத்திலும், நம் கோயில் திருவிழாக் கூட்டத்திலும் அவர்களில் சிலர் இருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

கவலையும் அழுகையும் எல்லாருக்கும் வரும். சாவு வீட்டில் அழுவது நோயல்ல. திருவிழாவில் அருள் வந்து ஆடிவிட்டு, மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போகிறவர் நோயாளி அல்ல. ஆனால் கீழ்க்காண்பவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ படிப்பையோ குடும்பத்தையோ பாதித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்:

• எப்போதும் சோகம், வெறுமை, காரணமில்லாத எரிச்சல்
• முன்பு பிடித்தவற்றில் இப்போது நாட்டமின்மை
• தூக்கம் வராமை அல்லது அளவுக்கு மீறிய தூக்கம்
• பசியின்மை, உடல் மெலிதல்
• "நான் எதற்கும் உதவாதவன், எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சு
• காரணமில்லாத பயம், நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம்
• பரிசோதனையில் எதுவும் தெரியாத தலைவலி, உடல்வலி, வயிற்று எரிச்சல்

நம்மவர்களில் பலர் மனச்சோர்வை மனத்தின் பெயரால் சொல்வதில்லை. "உடம்பெல்லாம் அசதியா இருக்கு", "நெஞ்சு அடைக்குது", "தலை பாரமா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். குறிப்பாகப் பெரியவர்கள். இதைக் குடும்பத்தினர் கவனிக்க வேண்டும்.

கீழ்க்காண்பவை இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்:

• மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் தமக்குக் கேட்பதாகச் சொல்லுதல்
• யாரோ தம்மைப் பின்தொடர்கிறார்கள், உணவில் விஷம் வைக்கிறார்கள் என உறுதியாக நம்புதல்
• பல நாள் தூங்காமலேயே மிகுந்த உற்சாகத்துடன் இருத்தல், பணத்தைத் தாறுமாறாகச் செலவழித்தல்
• சாவதைப் பற்றிப் பேசுதல்

"தஞ்சோங் ரம்புத்தான்" என்ற கேலிப் பேச்சு

மலேசியாவில் ஒருவரைக் கேலி செய்ய, "இவன் தஞ்சோங் ரம்புத்தான் போக வேண்டிய ஆள்" என்று சொல்வதைப் பலரும் கேட்டிருப்போம். பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகிலுள்ள ஓர் ஊரின் பெயர் அது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1911-ஆம் ஆண்டு அங்கு ஒரு மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் இன்றைய பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்றால் மகிழ்ச்சி.

அந்தக் காலத்தில் மனநோய்க்குப் பலன் தரும் மருந்துகள் இல்லை. நோயாளியை ஊரிலிருந்து தூரமாகக் கொண்டுபோய் வைத்திருப்பதே வழக்கம். போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. "அங்கே போனால் அவ்வளவுதான்" என்ற எண்ணம் அப்போதுதான் மக்கள் மனத்தில் பதிந்தது.

1950-களில் நிலைமை மாறத் தொடங்கியது. மனச்சிதைவு நோயின் அறிகுறிகளைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் புழக்கத்துக்கு வந்தன. அதன் பிறகு பொது மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவுகள் திறக்கப்பட்டன. இன்று பெரும்பாலான நோயாளிகள் தங்கள் வீட்டில் இருந்துகொண்டே சிகிச்சை பெறுகிறார்கள். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும், நோய் தணிந்ததும் வீடு திரும்பிவிடுகிறார்கள். சட்டமும் மாறிவிட்டது. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இயற்றப்பட்டது.

மருத்துவம் மாறிவிட்டது, சட்டம் மாறிவிட்டது. நம் பேச்சு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. நாம் விளையாட்டாகச் சொல்லும் ஒரு சொல்லை, பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளியும் கேட்கிறார். "எனக்கு இப்படி இருக்கிறது என்று சொன்னால் இவர்கள் என்னையும் இப்படித்தான் பேசுவார்கள்" என்று முடிவு செய்து, வாயை மூடிக்கொள்கிறார்.

நாம் நம்புவதும் உண்மையும்

"மனநோய் வந்தால் குணமாகாது."
தகுந்த சிகிச்சை பெற்றால் மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோர் தேறுகிறார்கள். மனச்சிதைவு போன்ற நோய்களையும், இரத்தக் கொதிப்பைப் போல, தொடர் மருந்தால் கட்டுக்குள் வைத்து வேலை செய்யவும் குடும்பம் நடத்தவும் பலரால் முடிகிறது.

"மனநோயாளிகள் ஆபத்தானவர்கள்."
மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. மற்றவர்களின் அடிக்கும் ஏமாற்றுக்கும் அவர்கள் ஆளாவதே அதிகம்.

"இது ஒட்டிக்கொள்ளும்."
ஒட்டாது. அவருடன் பேசலாம், சாப்பிடலாம், ஒரே வீட்டில் வாழலாம்.

"கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்."
கல்யாணம் மருந்தல்ல. நோயை மறைத்துச் செய்யும் கல்யாணத்தால் இரண்டு குடும்பங்கள் துன்பப்படுகின்றன. முதலில் சிகிச்சை, பிறகு இருவரும் விவரம் அறிந்து எடுக்கும் முடிவு என்பதே சரியான வரிசை.

"மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவோம்."
மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் மருந்துகள் போதை தருவன அல்ல. அவை பலன் தர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். அதனால் முதல் வாரத்திலேயே "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடக் கூடாது. தேறிய பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவதாக இருந்தால் மருத்துவர் சொற்படி படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

கோயிலும் கிளினிக்கும்

நம்மில் பலர் மனநோய் கண்டவுடன் முதலில் போவது கிளினிக்குக்கு அல்ல. காத்து கருப்பு அடித்துவிட்டது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பூசாரியிடமோ போமோவிடமோ போகிறோம். கயிறு கட்டுகிறோம், பரிகாரம் செய்கிறோம். அதற்குள் சில மாதங்களும் சில ஆயிரம் ரிங்கிட்டும் போய்விடுகின்றன.

வழிபாடு மனத்துக்கு ஆறுதல் தரும். அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வழிபாட்டுக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. நோயாளியை அடிப்பது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது எந்தச் சூழலிலும் கூடாது.

தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி தர்கா இருக்கிறது. மனநோயாளிகளை அங்கு அழைத்துச் சென்று தங்கவைப்பது நீண்டகால வழக்கம். 2001 ஆகஸ்டு 6 அன்று, அவ்வூரில் தனியார் நடத்திய ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். குடும்பங்கள் நம்பிக்கையோடு விட்டுச் சென்ற உறவுகள் அவர்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இந்திய உச்ச நீதிமன்றமே தலையிட்டது.

அதே தமிழ்நாட்டில் நல்ல உதாரணமும் உண்டு. திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலிலும் மனநோயாளிகள் 48 நாள் தங்கி வழிபடும் வழக்கம் உண்டு. அங்கு கோயிலைச் சார்ந்தே ஒரு மனநல மறுவாழ்வு மையம் நடக்கிறது. மனநல மருத்துவர் வந்து பார்க்கிறார், நோயாளிகள் மருந்தும் சாப்பிடுகிறார்கள். தீர்த்தமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நம் வட்டாரத்துக் கோயில் பொறுப்பாளர்களும் பூசாரிகளும், "பூசை செய்கிறேன், கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பல குடும்பங்கள் கேட்கும்.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

ஷிப்டு வேலை செய்வோர்: கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறி வரும்போது தூக்கம் கெடுகிறது. தூக்கம் தொடர்ந்து கெட்டால் மனமும் தளரும். இரவு வேலை முடித்து வந்தவர் பகலில் தூங்கும்போது வீட்டில் சத்தத்தைக் குறைப்பதும் ஒரு மனநல உதவிதான்.

தோட்டத்தை விட்டு வந்தவர்கள்: லயத்தில் பக்கத்து வீட்டாருடன் கூடிக் கலந்து வாழ்ந்த பெரியவர்கள், அடுக்குமாடி வீட்டுக்கோ தாமானுக்கோ வந்த பிறகு பகல் முழுவதும் தனியாக இருக்கிறார்கள். தனிமை மனச்சோர்வுக்கு இடம் தரும். வாரம் ஒருமுறை கோயிலுக்கோ சந்தைக்கோ பழைய நண்பர் வீட்டுக்கோ அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளை பெற்ற தாய்மார்கள்: பிரசவத்துக்குப் பின் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் மனச்சோர்வு வருகிறது. "பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் அழுவாள்" என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நீடித்தால் வீட்டுக்கு வரும் தாதியிடம் சொல்லுங்கள்.

இளையோர்: 2022-ஆம் ஆண்டு ஆய்வில் மலேசிய இடைநிலைப் பள்ளி மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. படிப்பில் திடீர்ச் சரிவு, அறையிலேயே அடைந்து கிடப்பது, கையில் வெட்டுக் காயங்கள் ஆகியவற்றைச் "சோம்பேறித்தனம்" என்றோ "காதல் விவகாரம்" என்றோ ஒதுக்காதீர்கள்.

மது அருந்துவோர்: கவலையை மறக்கச் சம்சுவும் பீரும் குடிப்பவர்களுக்கு, மறுநாள் கவலை கூடவே செய்கிறது. குடிப்பழக்கத்துக்குப் பின்னால் சிகிச்சை பெறாத மனச்சோர்வு இருக்கலாம். திட்டுவதால் அது தீராது.

எப்படிப் பேசுவது?

மனநோயுள்ள ஒருவரிடம் பேசப் படிப்பு தேவையில்லை. பொறுமை போதும்.

சொல்லக் கூடாதவை:
• "உனக்கு என்ன குறை? இதெல்லாம் கொழுப்பு."
• "ஆம்பிளை அழலாமா?"
• "மனசைத் திடமா வச்சுக்க, எல்லாம் சரியாப் போயிடும்."

சொல்லக் கூடியவை:
• "அண்ணே, பத்து நாளா உங்களைச் சாப்பாட்டுக் கடைப் பக்கம் காணோமே. மனசுல ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, நான் கேட்கிறேன்."
• "அக்கா, இது உங்க தப்பு இல்ல. இதுக்கும் டாக்டர் இருக்காங்க."
• "நாளைக்கு எனக்கு லீவு. நானே மோட்டார்ல கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன்."

கடைசி வாக்கியம் மிகவும் முக்கியமானது. மனச்சோர்வில் இருப்பவருக்கு எழுந்து குளிப்பதே பெரிய வேலை. "கிளினிக்குப் போ" என்று சொல்வதைவிட, "வா, சேர்ந்து போகலாம்" என்று சொல்வது அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால்

"சும்மா மிரட்டுகிறான்" என்று எண்ணாதீர்கள். நேராகவே கேளுங்கள்: "தம்பி, உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?" இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனத்தில் அடைத்து வைத்திருந்ததைச் சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைக்கும்.

• அவரைத் தனியாக விடாதீர்கள்.
• வீட்டிலுள்ள களைக்கொல்லி, பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள் அல்லது பூட்டி வையுங்கள்.
• உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலைபோல் வந்து தணியும். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கையில் கிடைக்காவிட்டால் உயிர் தப்பும். இலங்கை இதற்கு நல்ல சான்று. கொடிய பூச்சிமருந்துகளை அந்நாடு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995-க்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் அங்கு தற்கொலை விகிதம் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. மலேசியாவிலும் பராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய போத்தல் இன்னும் கொட்டகையில் கிடந்தால் அதை வைத்திருக்காதீர்கள்.

முன்பு தற்கொலைக்கு முயல்வது குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவின்படி குற்றமாக இருந்தது. போலீசுக்குப் பயந்து பலர் மருத்துவமனைக்குப் போகவில்லை. 2023-ஆம் ஆண்டு அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. இன்று அவருக்குக் கிடைக்க வேண்டியது சிகிச்சை, தண்டனை அல்ல. பயப்படாமல் அழைத்து வாருங்கள்.

கிளினிக்கில் என்ன நடக்கும்?

1. கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என எங்கிருந்தாலும் உங்களுக்கு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். மனநலத்துக்கென்று தனியாக வேறோர் இடம் தேட வேண்டியதில்லை.

2. தூக்கம், பசி, மனநிலை பற்றிய சில கேள்விகள் கொண்ட படிவம் தரப்படும். இதில் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மொழி சிரமமாக இருந்தால் நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். மருத்துவரிடம் தனியாகப் பேச விரும்பினால் அதையும் கேட்கலாம்.

3. மருத்துவர் உடலையும் பரிசோதிப்பார். தைராய்டு கோளாறு, இரத்தசோகை போன்றவையும் சோர்வைத் தரக்கூடும்.

4. பாதிப்பு குறைவாக இருந்தால் ஆலோசனையும் தொடர் சந்திப்பும் போதும். தேவைப்பட்டால் மருந்து தரப்படும், அல்லது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தரப்படும்.

5. மலேசியக் குடிமக்களுக்குச் சுகாதாரக் கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட். அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருத்துவர் கிளினிக்கில் 5 ரிங்கிட்.

6. நீங்கள் சொல்வது இரகசியமாக வைக்கப்படும். உயிருக்கு ஆபத்து போன்ற சூழலில் மட்டுமே, உங்களைக் காப்பதற்காக மற்றவருக்குத் தெரிவிக்கப்படும்.

மருந்தால் தூக்கக் கலக்கம், உடல் எடை கூடுதல், நடுக்கம் போன்றவை ஏற்பட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தேறி வந்தவரை எப்படி ஏற்பது?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒருவருக்கு மருந்துக்கு அடுத்து வேண்டியது வேலையும் மரியாதையும். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதிலும் அவரை ஒதுக்காதீர்கள். பெயர் சொல்லியோ, மாமா, சித்தி என்று முறை சொல்லியோ முன்புபோல் கூப்பிடுங்கள். அவர் கோபப்பட்டால் உடனே "மருந்து சாப்பிட்டாயா?" என்று கேட்காதீர்கள். கோபம் எல்லாருக்கும் வரும்.

மேலாளரும் மண்டோரும், கிளினிக் செல்லும் நாளில் விடுப்புக் கொடுங்கள். தொடக்கத்தில் முடிந்தால் இரவு ஷிப்டைத் தவிர்த்துக் கொடுங்கள்.

நீண்டகால மனநோயால் வேலை செய்ய இயலாதவர்கள், மருத்துவரின் உறுதிச் சான்றுடன் சமூக நலத்துறையில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்து ஓ.கே.யு. அட்டை பெறலாம். அதைப் பெறுவது அவமானமல்ல, உரிமை.

பராமரிப்பவர்களும் மனிதர்களே. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கோ மனைவிக்கோ வாரம் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்க உறவினர்கள் முறை போட்டு உதவுங்கள்.

உதவி எண்கள்

• ஹீல் 15555: சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி.
• பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929: 24 மணி நேரமும்.
• தாலியான் காசே 15999: வன்முறை, துன்புறுத்தல், குடும்பப் பிரச்சினைகளுக்கு 24 மணி நேரமும்.
• உயிருக்கு ஆபத்து என்றால் 999.

நினைவில் கொள்ளுங்கள்

• மனநோய் ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு.
• விரைவில் தொடங்கும் சிகிச்சை விரைவில் பலன் தரும்.
• கேலிச் சொல் ஒருவரை வீட்டுக்குள் அடைக்கும். அன்பான ஒரு கேள்வி அவரைக் கிளினிக்குக்கு அழைத்து வரும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சில நாளாக அமைதியாகிவிட்ட ஒருவர் இருக்கிறாரா? இந்தத் துண்டுப் பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றே அவரிடம் போய், "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.